பழைய பேட்டரியைப் ‘புதுசாக்கித்’ தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

கோலாலம்பூரில் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடை போடுபவர்கள், முக்கியமாக செந்தூல் பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிடுங்கள்.

மாமாவுக்கு உடம்பு முடியாமல் கடை சில மாதம் மூடிக் கிடந்தது. விளக்குக்கு வைத்திருந்த நான்கு 12 வோல்ட் பேட்டரிகளும் பாதி சார்ஜோடு அப்படியே கிடந்தன. ஈய-அமில பேட்டரி அப்படிக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாகக் கெட்டிப்பட்டுவிடும், இதைத்தான் சல்பேஷன் என்பார்கள். நம் வெக்கையில் இன்னும் வேகமாக.

“சல்பேஷன்தான் தம்பி, மிஷின்ல போட்டா புதுசு மாதிரி ஆயிடும்” என்றார் பேட்டரி சர்விஸ் செய்யும் கடைக்காரர். ஒன்றுக்கு 90 வெள்ளி. மறுநாளே தயார் என்று கூப்பிட்டார். உண்மையில் சல்பேட்டைக் கரைக்க வேண்டுமானால் குறைந்த மின்னோட்டத்தில் நாள் கணக்கில் ஏற்ற வேண்டும். முற்றிப்போனது அப்போதும் முழுதாகக் கரையாது.

என் கண்முன்னே ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) விட்டுக் காட்டினார். எல்லாச் செல்லிலும் 1.280. மீட்டரில் 12.8 வோல்ட். இரண்டுமே முழு சார்ஜ் ஏறிய பேட்டரி காட்டும் எண்கள். யார்தான் நம்பமாட்டார்கள்?

அன்றிரவு கூட்டம் சேரும் நேரம் பார்த்து விளக்குகள் மங்கின. வீட்டில் வைத்து அளந்தால், செத்துப்போன பேட்டரியில் இன்னும் 1.230க்கு மேல்! நல்ல பேட்டரி காலியாகும்போது அமிலம் தகட்டோடு வினைபுரிந்து தீரும், எண் 1.150 வாக்கில் இறங்கிவிடும். இங்கே தகடு வேலையே செய்யவில்லை, அதனால் அமிலமும் செலவாகவில்லை. ஹைட்ரோமீட்டர் அளவைத் தூக்கிக் காட்ட அமிலத்தை ஊற்றியிருக்கிறார்கள். அது தகட்டை இன்னும் சீக்கிரம் அரிக்கும். பேட்டரியில் வற்றுவது தண்ணீர்தான். ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்ட் வாட்டர்தான், அதுவும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகு.

போய்க் கேட்டால், “பேட்டரிக்கு வயசாயிடுச்சு தம்பி.” பணம் வாங்கும்போது வயது தெரியவில்லையா அண்ணே? ரசீதில் வெறும் ‘சர்விஸ்’ என்று எழுதியிருந்தார், மேற்கொண்டு பேச முடியவில்லை.

யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால் வோல்ட்டைப் பார்த்துப் பணம் தராதீர்கள். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் காட்டும் எண் மேலோட்டமானது. ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு, லோடு (விளக்கு மாதிரி மின்சாரம் இழுக்கும் ஏதாவது) மாட்டிப் பாருங்கள். 100 ஆம்பியர்-ஹவர் என்று போட்டிருந்தால் 5 ஆம்பியரில் 20 மணி நேரம் ஓட வேண்டும் என்பது கணக்கு. பழசு பாதி ஓடினால்கூடப் பேசலாம், எங்களுடையது ஒரு மணி நேரம் தாண்டவில்லை.

இப்போது புதுசு வாங்கியாகிவிட்டது. கடை முடிந்த இரவே 14.4 வோல்ட் வரை முழுதாக ஏற்றிவிடுகிறோம், வியாபாரம் இல்லாத நாட்களில் 13.5 வோல்ட் ஃப்ளோட்டில் (சார்ஜ் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் அளவில்) கிடக்கிறது.