ஜேஎம்ஆர்ஐ: மலை ரயில் மாதிரிக்கு ஒரு இலவச மென்பொருள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில் ஓட வேண்டும், நாம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால், மாதிரி ரயிலைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஜேஎம்ஆர்ஐ வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைக்கருவி, அதாவது ஒரு த்ராட்டில் போதும். இன்ஜினுக்குள் உட்கார்ந்து கட்டளைப்படி மோட்டாரை இயக்கும் சின்ன சர்க்யூட்டான டீகோடரைப் படித்து, வேண்டியதைத் திருத்தி, திருத்தியதை ஒழுங்காக எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு மட்டும் இது பொன். கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டலாம் என்ற ஆசையில்தான் இதை நிறுவினேன். இன்றும் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக.

அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெலிங்டனில் வீடு. பின்னறையில், தகரக் கூரைக்குக் கீழே, ரன்னிமேட்டில் தொடங்கி காட்டேரி ரோடு வழியாகக் குன்னூர் யார்டு வரை ஒரு மாதிரி ரயில் பாதை, அதாவது லேஅவுட். நம் நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். அதை 1:87 அளவில் சரியாகச் செய்ய 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும். ஜெர்மனியின் பெமோ நிறுவனம் அந்த அளவில் அழகாகச் செய்கிறது, ஸ்விஸ் பல்சக்கர இன்ஜின்கள் உட்பட. விலையைப் பார்த்துவிட்டு நான் 16.5 மி.மீ.யிலேயே நின்றுவிட்டேன். சின்ன டேங்க் இன்ஜின் ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல், பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டிய எக்ஸ் கிளாஸ் (நம் மலை ரயிலின் நீராவி இன்ஜின்) உடல். கேஜ் தப்பு என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும்.

ஜேஎம்ஆர்ஐ ஜாவாவில் எழுதப்பட்டது. டீகோடரைக் கவனிக்க டீகோடர்புரோ. பாயின்ட் (தடம் பிரியும் இடம்), சிக்னல், வரைபடம் எல்லாவற்றுக்கும் பேனல்புரோ. இரண்டும் ஒரே பொதியில் வரும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். ஜாவாவை முதலில் போட வேண்டும். பழைய ஜாவா 8 மட்டும் இருந்தால் ஜேஎம்ஆர்ஐயின் ஐந்தாம் பதிப்பு திறக்காது. மென்பொருள் தானாகத் தண்டவாளத்துக்குக் கரன்ட் அனுப்பாது, நடுவில் கட்டளையைத் தண்டவாளத்துக்கு அனுப்பும் பெட்டி, அதாவது ஒரு கமாண்ட் ஸ்டேஷன் வேண்டும். நான் அர்டுயினோ மெகா என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டின் மேல் மோட்டார் ஷீல்டு ஒன்றைச் செருகி, டிசிசி-இஎக்ஸ் என்ற புரோகிராமை ஏற்றிக்கொண்டேன். அதுவும் இலவசம். போர்டும் ஷீல்டும் கோயம்புத்தூர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கியவை. இறக்குமதிப் பெட்டி ஒன்றின் விலையில் சின்னப் பங்குதான் ஆயிற்று.

இணைக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். விருப்பங்கள் பக்கத்தில் உற்பத்தியாளராக டிசிசி-இஎக்ஸ், இணைப்பாக சீரியல் போர்ட், வேகம் 115200. விலை குறைந்த மெகா போர்டுகளில் இருப்பது சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப். விண்டோஸில் அதற்கான டிரைவர் இல்லையென்றால் போர்ட் பட்டியலில் அது தெரியவே தெரியாது. தெரியாத போர்டை எத்தனை முறை பிடுங்கிச் செருகினாலும் தெரியாது, டிரைவரைத்தான் போட வேண்டும். அப்புறம், விருப்பங்களில் எதை மாற்றினாலும் புரோகிராமை மூடித் திறக்கச் சொல்லும். எரிச்சலாகத்தான் இருக்கும். பழகிவிடும்.

இனி டீகோடர்புரோ. இதைப் பற்றித்தான் எனக்குப் பேச இருக்கிறது.

தனியாக ஒரு முழம் தண்டவாளத்தை ஷீல்டின் இரண்டாவது வெளியீட்டில் இணைத்துவிட்டால் அதுதான் புரோகிராமிங் டிராக். இன்ஜினை அதன்மேல் வைத்துப் படிக்கச் சொன்னால், டீகோடர் மோட்டாரை ஒரு கணம் உதறிப் பதில் சொல்கிறது. குறைந்தது 60 மில்லி ஆம்பியர், 6 மில்லி செகண்டு. இதுதான் தரநிலை சொல்லும் அளவு. அந்தச் சின்னத் துடிப்பைக் கமாண்ட் ஸ்டேஷன் கண்டுபிடித்தால்தான் திரையில் எண் வரும். ஜூலை, ஆகஸ்டு ஈரத்தில் சக்கரத்திலும் தண்டவாளத்திலும் கறுப்புப் படிந்து அந்தத் துடிப்பு தொலைந்துபோகும். படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் சக்கரத்தைத் துடையுங்கள்.

டீகோடரை அடையாளம் காணும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. டீகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடங்களுக்கு சிவி என்று பெயர். எட்டாவது சிவியில் தயாரிப்பாளரின் எண் இருக்கும்: 151 என்றால் இஎஸ்யூ, 145 என்றால் ஸிமோ. ஏழாவதில் பதிப்பு எண். இந்த இரண்டையும் படித்துவிட்டு, பட்டியலில் பொருந்துவதை ஜேஎம்ஆர்ஐயே எடுத்து வைக்கும். பிறகு அந்த மாடலுக்கென்றே தயாரித்த பக்கங்கள் திறக்கும். எந்த எண் எதற்கு என்று கையேட்டைப் புரட்ட வேண்டாம். விளக்கு, வேகம், ஒலி என்று தலைப்புப் போட்டு வரும்.

ஒவ்வொரு இன்ஜினையும் தனியாக அழைக்கும் எண்ணான முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த டீகோடருக்கு முகவரி 3. புதிய இன்ஜின் இரண்டைத் தண்டவாளத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். என் இன்ஜினுக்கு நான் எழுதிய எண் 37391. இவ்வளவு பெரிய எண்ணை டிசிசி (தண்டவாளம் வழியே இன்ஜினுக்குக் கட்டளை அனுப்பும் முறை) ஏற்காது என்பதால் கடைசி நான்கு இலக்கம், 7391. கையால் செய்தால் 7391ஐ 256ஆல் வகுத்து, ஈவு 28உடன் 192 கூட்டி 17ஆம் சிவியில் 220, மீதி 223ஐ 18ஆம் சிவியில் எழுதி, பிறகு 29ஆம் சிவியில் நீண்ட முகவரிக்கான 32ஐச் சேர்க்க வேண்டும். டீகோடர்புரோவில் 7391 என்று தட்டினால் போதும். கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்கும், ஆனால் இரவு பத்து மணிக்குப் பிடிக்காது.

வேகம் இன்னொரு கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டி பல்சக்கரப் பாதையில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் போல ஊர்கிறது. 1:87 அளவில் அது ஒரு மீட்டரைக் கடக்க அரை நிமிடம். எந்தப் புது மாடலும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் இப்படி ஊராது, ராஜதானி மாதிரி பறக்கும். ஐந்தாவது சிவியில் உச்ச வேகத்தைக் குறைத்து, இரண்டில் தொடக்க மின்னழுத்தத்தைக் கூட்டி, ஆறில் நடுவேகத்தைச் சரிசெய்து, மூன்றிலும் நான்கிலும் மெதுவாக எடுக்கவும் மெதுவாக நிற்கவும் வைக்க வேண்டும். திரையில் இழுப்புப் பட்டைகளை நகர்த்தி, எழுது என்று சொல்லி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரதான தண்டவாளத்தில் மாற்றிப் பார்க்கலாம். இதைக் கையில் பிடிக்கும் த்ராட்டிலில் செய்துபார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

திருத்தியதெல்லாம் இன்ஜின் வாரியாக ஒவ்வொரு எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. டீகோடர் கருகிப்போனாலும், அதே ரகத்தில் புதியதைச் செருகி, பழைய கோப்பைத் திறந்து எழுதினால் பழைய குணத்தோடு ஓடும். ஒன்றுமட்டும்: ஒலியுள்ள டீகோடரின் எல்லா சிவியையும் படிக்கச் சொன்னால் டீ போட்டுக் குடித்து, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு வரலாம். தேவையான பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

இந்த டீகோடர் விவரக் கோப்புகளுக்காக அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்தது. இவற்றை வேறொரு நிறுவனம் பெயர் சொல்லாமல் எடுத்துத் தன் மென்பொருளில் பயன்படுத்த, இந்தத் திட்டத்தைத் தொடங்கிய பாப் ஜேகப்சன் நீதிமன்றம் போனார். இலவசமாகக் கொடுத்ததாக இருந்தாலும் அதோடு வைத்த நிபந்தனைகளைக் பதிப்புரிமைச் சட்டப்படி அமல்படுத்தலாம் என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உலகம் முழுக்க இலவச மென்பொருள் எழுதுகிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு, பொம்மை ரயிலிலிருந்து வந்தது!

பேனல்புரோவுக்கு வருகிறேன். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் கரன்ட் ஓடுகிறதோ அங்கே வண்டி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது இதன் வழி. டையோடும் ஆப்டோகப்ளரும் வைத்து நானே செய்த சர்க்யூட்டுகள் மெகா போர்டின் பின்களில் சென்சார்களாகப் போய்ச் சேர்கின்றன. லேஅவுட் எடிட்டரில் பாதையை வரைந்து, துண்டுகளுக்குப் பெயர் கொடுத்து, சிக்னலை நட்டால் வண்டி போகப் போக வரைபடத்தில் நிறம் மாறும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்க்கும்வரை. அவர் குன்னூர் ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவர்.

“தம்பி, நம்ம வண்டியில இன்ஜின் கீழ்ப்பக்கம்தானே இருக்கும்? முதல் பெட்டி அங்க போயி நின்ன அப்புறமும் உன் சிக்னல் பச்சையாவே இருக்கே?”

நியாயம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, 12 அடிக்கு 1 அடி ஏறும் பாதையில், இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. அடுத்த துண்டுக்குள் முதலில் நுழைவது பெட்டிதான். பெட்டியில் மோட்டாரும் கிடையாது, விளக்கும் கிடையாது, கரன்ட் ஓடாது, சென்சாருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. இன்ஜின் முன்னால் இழுக்கும் வெளிநாட்டு லேஅவுட்டுகளுக்கு எழுதிய வழிகாட்டிகளில் இது கடைசிப் பெட்டிக்கான குறிப்பாகத்தான் வரும். நமக்கோ முதல் பெட்டிக்கே வேண்டியிருக்கிறது. தீர்வு எளிது: பெட்டிகளின் அச்சுகளில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒட்டி, இரண்டு சக்கரத்துக்கும் கடத்தும் பெயின்ட்டால் இணைக்க வேண்டும். 15 வோல்ட்டில் அச்சுக்கு ஒன்றரை மில்லி ஆம்பியர், சென்சார் விழித்துக்கொள்ள அது போதும். “நிஜ வண்டியில முன் பெட்டி பிரேக்ஸ்மேன் காட்டுற கொடியைப் பாத்துத்தான் டிரைவர் ஓட்டுவார், உனக்கு இந்த ரெசிஸ்டர்தான் பிரேக்ஸ்மேன்” என்றார் அண்ணன்.

தண்டவாளம் அழுக்கானால் சென்சார் மினுக்கும், சிக்னலும் கூடவே ஆடும். சென்சார் பட்டியலில் நிலைமாற்றத்துக்குத் தாமதம் வைக்கும் வசதி இருக்கிறது. வண்டி வந்ததை உடனே ஒப்புக்கொள்ளவும், போய்விட்டது என்பதைச் சற்றுப் பொறுத்து ஒப்புக்கொள்ளவும் வைத்தேன். ஆட்டம் நின்றது. ஆனாலும் துடைக்கும் வேலை குறையாது.

போனில் ஓட்ட, ஆண்ட்ராய்டுக்கு இன்ஜின் டிரைவர் என்ற செயலி. ஜேஎம்ஆர்ஐயில் போனை த்ராட்டிலாக இணைக்கும் வைத்ராட்டில் சர்வரைத் தொடங்கி, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். அக்கா மகன் லீவுக்கு வந்தால் மற்ற எதையும் தொடுவதில்லை, இதுதான். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரன்ட் போவது வழக்கம் என்பதால் ஒரு குறிப்பு: லேஅவுட் யூபிஎஸ்ஸிலும் ரவுட்டர் நேரடி கரன்ட்டிலும் இருந்தால், போன் துண்டிக்கப்பட்ட பிறகும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். தொடர்பு அறுந்தால் சில நொடிகளில் அவசரமாக நிறுத்தும் விருப்பம் சர்வர் அமைப்பில் இருக்கிறது. அதை டிக் செய்துவிடுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. திரைகள் இருபது வருடத்துக்கு முந்தைய அலுவலகக் கம்ப்யூட்டரை நினைவுபடுத்தும். ஒரே வேலைக்கு மூன்று மெனுவில் வழி இருக்கும், எது சரி என்று சொல்ல ஆள் இருக்காது. உதவிப் பக்கங்கள் ஏராளம், ஆனால் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதியவை. வரைந்த பேனலைத் தனியாகச் சேமிக்க வேண்டும், அடுத்த முறை தானாகத் திறக்க வேண்டுமென்றால் அதையும் தொடக்கப் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டும். ட்ரெயின்கண்ட்ரோலர், ஐட்ரெயின் போன்ற விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இவற்றில் நறுவிசானவை. தானாகவே பத்து வண்டி ஓட வேண்டும் என்பவர்கள் அவற்றைப் பார்க்கலாம். குன்னூர் யார்டில் என்னுடையது ஒரு எக்ஸ் கிளாஸ், ஒரு டீசல். எனக்குப் பணம் கொடுக்க மனசு வரவில்லை.

லேப்டாப்பை எப்போதும் திறந்து வைக்க முடியாத வீடாக இருந்தால் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் போடுங்கள், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். திரை கூட வேண்டாம். இன்ஜின் வாரியாகச் சேமித்த ரோஸ்டர் கோப்புகளை மட்டும் அவ்வப்போது பென்டிரைவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கரன்ட் விட்டுவிட்டு வரும் ஊரில் எஸ்டி கார்டை நம்ப முடியாது.