ஒரே அளவில் எட்டுக் கட்டைகள்: அடர்த்திக் கனசதுரத் தொகுப்பு வாங்கலாமா?

2.5 செ.மீ. பக்கமுள்ள எட்டுக் கனசதுரங்கள்: செம்பு, பித்தளை, இரும்பு, அலுமினியம், அக்ரிலிக், நைலான், பாலிபுரொப்பிலீன், மரம். கூடவே ஒரு சுருள்வில் தராசும் 100 மி.லி. அளவு உருளையும். கட்டைகள் அருமை, உடன் வரும் கருவிகள்தான் காலை வாருகின்றன.

எல்லாக் கட்டைக்கும் கன அளவு ஒன்றே, 15.6 க.செ.மீ. (கன சென்டிமீட்டர்). ஆகவே மின்னணுத் தராசில் தெரியும் வித்தியாசம் முழுக்க அடர்த்தியால் வருவது. செம்பு ஏறத்தாழ 140 கிராம், இரும்பு 123, அலுமினியம் 42, அக்ரிலிக் 18, பாலிபுரொப்பிலீன் 14 வர வேண்டும். அதே கன அளவுள்ள தண்ணீர் 15.6 கிராம்; அதைவிடக் குறைந்தவை மிதக்கும். தண்ணீரில் போடும் முன்பே மாணவர் இதைச் சொல்லிவிடலாம். இந்தத் தொகுப்பின் பெரிய பலமே இதுதான்.

பலவீனம், தொங்கவிடுவதற்காகக் கட்டைகளில் திருகியிருக்கும் கொக்கியில் இருக்கிறது. 2 கிராம் கொக்கி செம்பில் தெரியாது. அக்ரிலிக்கிலோ அடர்த்தி 1.18 என்பது 1.31 ஆகிவிடும், 8 கிராம் மரக்கட்டையில் பிழை 25 சதவீதம். கொக்கியைக் கழற்றிவிட்டு நிறை பாருங்கள். திருகு துளையால் குறைவது அரை சதவீதத்துக்கும் கீழே, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பக்கத்தை அளவுகோலால் அளந்தால் அரை மி.மீ. தவறுக்குக் கன அளவில் 6 சதவீதம் பிசகும். செம்புக்கும் பித்தளைக்கும் உள்ள வேறுபாடே 5 சதவீதம்தான். மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கையும் அளக்கும் வெர்னியர் அளவி கட்டாயம் வேண்டும்.

அளவு உருளை இங்கே வீண். கட்டையின் ஒரு முகத்தின் மூலைவிட்டம் 3.5 செ.மீ., உருளைக்குள் இறங்காது. அதற்குப் பதில், பாதி தண்ணீர் உள்ள முகவையை (பீக்கர்) மின்னணுத் தராசில் வைத்து, காட்சியைப் பூச்சியமாக்குங்கள். கட்டையை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையோ சுவரையோ தொடாமல் தொங்கவிடுங்கள். கட்டை விலக்கும் தண்ணீரின் நிறையைத் தராசு காட்டும்; 1 கன செ.மீ. தண்ணீர் 1 கிராம் என்பதால், அந்தக் கிராம்தான் கன செ.மீ.யில் கன அளவு. ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தட்டி நீக்காவிட்டால் கன அளவு கூடி, அடர்த்தி குறைவாக வரும். மிதப்பவற்றை மெல்லிய ஊசியால் அழுத்திப் பிடிக்கலாம்.

சுருள்வில் தராசு காட்டுவது எடை, அதாவது புவி இழுக்கும் விசை. இதில் விசையின் அலகான நியூட்டனுக்குப் பக்கத்திலேயே கிராமும் அச்சிட்டிருப்பதால் நிறையும் எடையும் ஒன்றென்றே பிள்ளைகள் நினைப்பார்கள். கிராம் பக்கத்தைத் தாள் ஒட்டி மறைப்பது நல்லது. 0.05 நியூட்டன் பிரிவுகளில் செம்பின் 1.37 தெளிவாகத் தெரியும், அக்ரிலிக்கின் 0.18 ஊகம்தான். லேசான கட்டைகளுக்கு 1 நியூட்டன் தராசைத் தனியே வாங்குங்கள். நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே எடை அரை சதவீதம் மாறுவதை எந்த மலிவான வில்லும் காட்டாது.

மரக்கட்டை ஈரம் உறிஞ்சும். அதன் நிறையை நனைப்பதற்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதானால் கொக்கி இல்லாத தொகுப்பைத் தேடுங்கள். ஈயக் கட்டை சேர்ந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம்; அது நச்சு, அதோடு கனமான பொருளைக் காட்டச் செம்பே போதும்.