பிரெமி டெஸ்ட்: மஞ்சள் நிறம் வந்தால் கோழிக்கறி சுத்தமா?

கோழிக்கறியில் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க உதவும் கிட்களில் பிரெமி டெஸ்ட் கையாள எளிது. சின்ன ஆம்பூல் (கண்ணாடிக் குப்பி), அதற்குள் ஊதா நிற அகர் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி), அகரில் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற சூடு விரும்பும் பாக்டீரியாவின் வித்துகள். மேலே விடும் கறிச்சாற்றில் மருந்து இல்லையென்றால் வித்துகள் முளைத்துப் பெருகி அமிலம் விடும், ஊதா மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதா அப்படியே நிற்கும். நான்கு மணி நேரத்துக்குள் முடிவு தெரியும்.

கொழுப்பில்லாத சதையில் சிறு துண்டு வெட்டி, பூண்டு நசுக்கி போன்ற அழுத்தியில் பிழிந்தால் போதுமான சாறு கிடைக்கும். அதில் 100 மைக்ரோலிட்டரை அகர் கிழியாமல் மேலே விட்டு, 20 நிமிடம் அறை வெப்பத்தில் ஊற விடவும். பிறகு சாற்றைக் கொட்டி, கனிமம் நீக்கிய நீரால் இருமுறை அலசி, மூடி, 64 டிகிரி செல்சியஸில் வைக்கவும்.

தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. வெப்பம் குறைந்தால் பாக்டீரியா மெதுவாக வளரும். நல்ல கறியும் ஊதாவாகவே நின்று பயமுறுத்தும். அழுத்தியில் ஒட்டியிருக்கும் கிருமிநாசினியும் இதே வேலையைச் செய்யும். மருந்தில்லை என்று உறுதியான கறிச்சாறு ஒரு ஆம்பூலில் கட்டாயம் இருக்க வேண்டும். அது மஞ்சளான உடனே மற்றவற்றைப் படித்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டால், குறைந்த அளவு மருந்துள்ள ஆம்பூலும் மஞ்சளாகிவிடும்.

பென்சிலின், அமாக்சிசிலின் வகைகளைக் கண்டுபிடிப்பதில் இந்தக் கிட்டை நம்பலாம். என்ரோஃப்ளாக்சசின், கொலிஸ்டின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளில் சறுக்குகிறது. கோழி வளர்ப்பில் அதிகம் கவலைப்பட வேண்டிய மருந்துகளே இவைதான். என்ரோஃப்ளாக்சசின் கோழியின் உடலில் சிப்ரோஃப்ளாக்சசினாக மாறும். அது மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்து. இந்த வகை மருந்தை எதிர்த்து நிற்கும் கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்கு பாக்டீரியா பெருகியதால்தான் அமெரிக்கா 2005-இல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் தருவதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது.

ஆனாலும் எங்கள் பெரிய வருத்தம் கிட்டின் மீது இல்லை, அதை வாங்குகிறவர்களின் எதிர்பார்ப்பின் மீதுதான். மஞ்சள் வந்தால் ‘மருந்து மிச்சம் தெரியவில்லை’ என்று மட்டுமே பொருள். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இல்லை என்று பொருளல்ல. தண்ணீரில் சில நாள் மருந்து கலந்து கொடுத்து நிறுத்தினால், காத்திருப்புக் காலத்தில் (மருந்தை நிறுத்தியதிலிருந்து கோழியை அறுக்கும் வரை விட வேண்டிய நாட்கள்) மருந்து உடலை விட்டுப் போய்விடும். குடலில் அந்த மருந்துக்குத் தப்பிப் பிழைத்த ஈ. கோலி போகாது. கோழி எச்சம் வழியாக ஆழ்கூளத்தில் (கொட்டகைத் தரையில் பரப்பிய உமி போன்றவை) கலந்து அடுத்த கோழிக்கும், அறுக்கையில் குடல் கிழியும்போது கறியின் மேலும் சேரும். அதன் எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிட் என்ற, பாக்டீரியாக்களுக்கிடையே கைமாறும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருந்தால் வேறு வகை பாக்டீரியாவுக்கும் தாவும். 2015-இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எம்சிஆர்-1 என்ற கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணு இப்படித் தாவக்கூடியதுதான். இதில் எதையும் ஊதா அகர் காட்டாது.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவைப் பார்க்க, அதை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைதான் வழி. 25 கிராம் கறியை 225 மில்லி பஃபர் பெப்டோன் நீர் என்ற பாக்டீரியா வளர்ப்புத் திரவத்தில் போட்டு 37 டிகிரியில் ஓர் இரவு வைக்க வேண்டும். அதிலிருந்து 10 மைக்ரோலிட்டரை, லிட்டருக்கு 1 மில்லிகிராம் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த மெக்கான்கி அகரில் (ஈ. கோலி போன்றவற்றை வளர்க்கும் அகர்) கோடிழுத்து 44 டிகிரியில் மறுநாள் வரை வைக்கவும். சிவந்த ஊதாக் காலனிகள் வந்தால் செஃபோடாக்சிமுக்கு அடங்காத ஈ. கோலி என்று சந்தேகிக்கலாம். பிறகு இனத்தை உறுதிசெய்து, எந்தெந்த மருந்துக்கு அடங்குகிறது என்று டிஸ்க் சோதனையில் (மருந்து தோய்த்த காகித வில்லைகளைச் சுற்றி வளர்ச்சி நிற்கிறதா என்று பார்ப்பது) பார்க்க வேண்டும். இதற்கு உயிர்ப்பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகம் தேவை.

கறி கொள்முதல் செய்யும் இடத்தில் தினசரி வடிகட்டலுக்கு பிரெமி டெஸ்டைத் தாராளமாக வாங்கலாம். ஊதா வந்த மாதிரியை மருந்தின் பெயரையும் அளவையும் கண்டறியும் எல்சி-எம்எஸ் என்ற ஆய்வகக் கருவிக்கு அனுப்புங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்று கிட் சொல்லாது. ‘ஆன்டிபயாட்டிக் இல்லாதது’ என்று லேபிள் ஒட்ட இந்த முடிவை மட்டும் ஆதாரமாக்கினால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. பண்ணையின் மருந்துப் பதிவேட்டையும் வளர்ப்புச் சோதனை முடிவையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு இந்தக் கிட் வேண்டாம். கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் போதும். எலும்பில் படாமல், தடித்த பகுதியின் நடுவில் 74 டிகிரி காட்டினால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் செத்துவிடும். பச்சைக் கறி வெட்டிய பலகையில் அடுத்து வெங்காயம் வெட்டினால் அந்த 74 டிகிரியால் எந்தப் பயனும் இல்லை.