'ஃப்ரோசன்' எந்தப் பாட்டில் தொடங்குகிறது?

2013இல் வந்த டிஸ்னியின் அனிமேஷன் படமான 'ஃப்ரோசன்' படத்தின் தொடக்கப் பாட்டு எது என்ற வழக்கில் இரண்டு கட்சி: 'வூலி', 'ஃப்ரோசன் ஹார்ட்'.

திரையில் முதலில் ஒலிப்பது 'வூலி'. வட ஐரோப்பாவின் பழங்குடிகளான சாமி மக்களின் 'யோய்க்' என்ற பாடல் மரபிலிருந்து இசையமைப்பாளர் ஃப்ரோடே ஃபியெல்ஹெய்ம் உருவாக்கியது. பெண்குரல் குழு அசைகளையே பாடுகிறது, மொழிமாற்றம் தேவையில்லை. ஆனால் கதைபற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. பெயர் அட்டை மறைந்ததும் பாட்டும் மறைந்துவிடுகிறது.

அடுத்து வரும் 'ஃப்ரோசன் ஹார்ட்' பனிக்கட்டி அறுப்பவர்களின் தொழிற்பாட்டு. ரம்பம் இழுக்கும் தாளமே பாட்டின் தாளம். பனியின் அழகு, ஆபத்து, உறைந்த இதயம் எனப் பனிச் சக்தி கொண்ட நாயகி எல்சாவின் கதை முழுக்க இதிலேயே விதைக்கப்படுகிறது. பின்னாளில் பனிக்கட்டி வியாபாரியாகும் சிறுவன் கிறிஸ்டாஃபும் இங்கேதான் அறிமுகம். சிக்கல் டப்பிங்கில்: வரிகள் மிகக் குறுகியவை, ஓர் அசை கூடினாலும் ரம்ப வெட்டோடு பொருந்தாது.

இசைத்தொகுப்பில் முதல் இடம் 'ஃப்ரோசன் ஹார்ட்'டுக்கே. அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. அத்தொகுப்பில் பாடல்கள் முன்னும் பின்னணி இசை பின்னுமாக வருகின்றன. இருந்தாலும் கதையைத் திறப்பது அந்தத் தொழிற்பாட்டுத்தான். 'வூலி'யின் உண்மையான பலம் முடிவில், பனி உருகும் காட்சியில் அது திரும்பி வரும்போதுதான் தெரிகிறது.