சீனி இல்லாத ஹாட் சாக்லேட்: டின்னின் பின்பக்கத்தையும் பாருங்கோ

காத்தான்குடிக் கடையொன்றில் சீனி இல்லாத ஹாட் சாக்லேட் டின்னை விலை குறைத்துப் போட்டிருக்காம், எடுக்கட்டா என்று மச்சாள் நேற்றுக் கேட்டா. அவவுக்குச் சீனி வருத்தம். ஒரு வருஷத்துக்கு மேலாக இதே டின்னைப் பாவிக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ருசியைக் குறை சொல்ல மாட்டேன். சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்புப் போட்ட சாமான் குடித்தால் ஒரு போலித் தித்திப்பு நாக்கை விட்டுப் போகாது. இதில் கொக்கோவின் கசப்பு அதை அமர்த்திவிடுகிறது. மாரி மழைக்கு, கரண்ட் இல்லாத இரவில், இதைவிட என்ன வேணும்? தூளை முதலில் கொஞ்சம் சுடுதண்ணியில் களியாகக் குழைத்து, பிறகு மிச்சத்தை ஊற்றுங்கோ. கட்டி பிடிக்காது.

எனக்கு எரிச்சல் அந்தப் பின்பக்கம்தான். முன்னுக்கு 'சீனி 0' என்று யானை எழுத்தில். பின்னால் பொருட்பட்டியலில் முதல் பெயர் மோல்டோடெக்ஸ்ட்ரின். நிறை கூடியது முதலில் வரவேண்டும், அதுதான் முறை. அப்போ டின்னுக்குள் கொக்கோவைவிட அதுதான் கூட! மாச்சத்தை உடைத்து எடுக்கிற தூள் அது. பெரிதாக இனிக்காது, 'சீனி' வரியிலும் எண்ணுப்படாது. வயிற்றுக்குள் போனால் கெதியிலேயே குளுக்கோஸ் ஆகிவிடும். சீனி வருத்தக்காரர் பார்க்கவேண்டியது காபோவைதரேற்று வரியை. அதை எறும்பு எழுத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கலோரிக் கணக்கும் வெறும் தண்ணியில் கலக்கிற கோப்பைக்கு. எங்கட வீடுகளில் யார் தண்ணியில் குடிக்கிறது? 200 மில்லிலீட்டர் பால் ஊற்றினால் லக்டோஸ் என்கிற பால் சீனி மட்டும் 9, 10 கிராம் வந்துவிடும். புரதம், கல்சியம் என்று டின் பெருமை பேசுவதில் முக்கால்வாசி அந்தப் பாலின் புண்ணியம். கொக்கோவில் மக்னீசியம், நார்ச்சத்து இருப்பது உண்மைதான். ஒரு கோப்பைக்கு விழுகிற துளியில் அது எம்மட்டு? அதிலும் இது காரம் (உறைப்பில்லை, அல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோ. நிறம் நல்லாக் கறுக்கும், கொக்கோவின் நல்ல சத்தென்று சொல்கிற ஃபிளவனோல் குறைந்துபோகும்.

மச்சாளுக்குச் சொன்னது இதுதான்: இதை விடுங்கோ, சீனி சேர்க்காத வெறும் கொக்கோத் தூளை எடுங்கோ. பாலில் கறுவாத் துண்டு போட்டுக் காய்ச்சிக் கரையுங்கோ. அந்தப் பாலையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் சேருங்கோ. குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தச் சீனி பார்க்கிற மீட்டரில் ஒருக்காப் பாருங்கோ.

ஐந்துக்கு இரண்டு புள்ளி கொடுக்கலாம், அதுவும் ருசிக்கு. விலை குறைந்த கையோடு எனக்கு இரண்டு டின் எடுத்தாச்சு.