படம் 1937, காகிதம் 1949: ஒரு போஸ்டர் ஏலக் கடை அனுபவம்

பழைய ஹாலிவுட் போஸ்டர்களை ஆன்லைனில் ஏலம் விடும் ஒரு நிறுவனத்திடம் இதுவரை மூன்று முறை வாங்கியிருக்கிறேன். இரண்டு முறை திருப்தி, ஒரு முறை வயிற்றெரிச்சல். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரிக் கடைகள் எல்லாமே விவரக்குறிப்பை ஏறக்குறைய ஒரே பாணியில்தான் எழுதுகின்றன, யாரிடம் வாங்கினாலும் நான் பட்டது உங்களுக்கு உதவும்.

வயிற்றெரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். 1937இல் வந்த ஒரு சின்ன பட்ஜெட் கவ்பாய் படத்தின் ஒன் ஷீட், அதாவது தியேட்டரில் ஒட்டும் வழக்கமான அளவுப் போஸ்டர் அது. (யுனிவர்சல் ஸ்டூடியோவின் திகில் படங்களெல்லாம் நமக்கு எட்டாத உயரம். 1931 டிராகுலாவின் ஒன் ஷீட் ஒன்று 2017இல் 5,25,800 டாலருக்குப் போனது. நாம் குதிரைக்காரர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.) பட்டியலில் 1937 படம், ஒரிஜினல் ஒன் ஷீட், லினன் பேக்கிங் (பின்னால் துணி ஒட்டுவது) செய்தது என்று போட்டிருந்தார்கள். அளவு 27க்கு 41 அங்குலம். 27க்கு 40 என்று இருந்திருந்தால் அப்போதே விலகியிருப்பேன், அது 1980களில்தான் வழக்கமானது. புகைப்படத்தில் நிறம் கொஞ்சம் சப்பென்று இருந்தது, சிவப்பும் நீலமும் தவிர வேறு எதுவும் இல்லை. அத்தனை வருஷத்துக் காகிதம், மங்காமல் இருக்குமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 400 டாலருக்கு ஏலம் என் பக்கம் முடிந்தது, அதன்மேல் 20 சதவீதக் கமிஷன், அனுப்பும் செலவு 40, ஆக மொத்தம் 520.

குழாயிலிருந்து எடுத்து மேஜையில் விரித்ததும் வலது கீழ் ஓரத்தைப் பார்த்தேன். ஆர் என்ற எழுத்து, 49, ஒரு சாய்கோடு, பிறகு ஒரு எண். அவ்வளவுதான், கதை முடிந்தது. 1940 முதல் பெரும்பாலான ஸ்டூடியோக்களின் போஸ்டர்களைத் தியேட்டர்களுக்கு அனுப்பி வந்தது நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம். அவர்கள் சாய்கோட்டுக்கு முன்னால் வருஷத்தைப் போடுவார்கள், அதற்கும் முன்னால் ஆர் இருந்தால் மறுவெளியீடு. என் கவ்பாய் 1949இல் இரண்டாவது முறை தியேட்டருக்கு வந்தபோது அச்சானவர். மறுவெளியீட்டுப் போஸ்டர்களைப் பல சமயம் இரண்டு மூன்று நிறத்தில் சிக்கனமாக அச்சடித்துவிடுவார்கள், அந்தச் சப்பென்ற நிறத்துக்கும் அதுதான் காரணம். அவர்கள் தளத்தில் போட்ட புகைப்படத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். வெள்ளை ஓரம் நான்கு பக்கமும் வெட்டப்பட்டிருந்தது!

எழுதிக் கேட்டால், ‘ஒரிஜினல் என்றுதான் சொன்னோம், முதல் வெளியீடு என்று சொல்லவில்லையே’ என்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அதில் பொய் இல்லை. தியேட்டரில் ஒட்டுவதற்காக அந்தக் காலத்திலேயே அச்சடித்தது, பிற்காலத்து நகல் அல்ல. ஆனால் படத்தின் வருஷத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு காகிதத்தின் வருஷத்தைச் சொல்லாமல் விடுவது மறதியால் நடக்கிற காரியம் இல்லை. நாலைந்து கடிதம் போய் வந்த பிறகு கமிஷன் உட்பட முழுப் பணமும் வந்தது, திருப்பி அனுப்பும் செலவு மட்டும் என் தலையில்.

இத்தனைக்கும் அந்த லினன் பேக்கிங் அருமையான வேலை, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அந்தக் காலத்துப் போஸ்டர்கள் மடித்துத்தான் தியேட்டருக்குப் போகும், ஒன் ஷீட் என்றால் எட்டுக் கட்டமாக. மடிப்புகள் சேரும் இடத்தில் காகிதம் கிழிந்து ஓட்டை விழுந்திருக்கும். இதில் அந்த இடங்களைத் தடவிப் பார்த்தால்கூடத் தெரியவில்லை. துணிக்கும் போஸ்டருக்கும் நடுவில் மெல்லிய காகிதம் வைத்து, தண்ணீரில் கரையும் கோதுமைப் பசையால் ஒட்டியிருந்தார்கள், பின்னால் வேண்டுமென்றால் பிரித்துவிடலாம். சூடு காட்டி அட்டையில் நிரந்தரமாக ஒட்டுகிறவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். ஒரு சங்கடம், துணி ஒட்டிவிட்டால் பின்பக்கம் மறைந்துவிடும். பழைய முத்திரை, டேப் ஒட்டிய கறை, எதுவும் தெரியாது. ஒட்டுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மற்ற இரண்டு முறையும் லாபி கார்டுகள், தியேட்டர் முகப்பில் வைக்கும் விளம்பர அட்டைகள், 11க்கு 14 அங்குலம். எட்டு கொண்ட செட்டில் ஐந்து கிடைத்தது, படத்தின் பெயரைப் பெரிதாகப் போடும் டைட்டில் கார்டும் அதில் உண்டு. மூலையில் குண்டூசி ஓட்டைகள் இருந்தன, அதையும் ஒளிக்காமல் பட்டியலில் எழுதியிருந்தார்கள். எனக்கு ஓட்டை இருந்தால்தான் பிடிக்கும், தியேட்டர் வாசலில் நின்ற அட்டை அல்லவா. புறஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த பிற்காலக் காகிதம் என்றால் நீலவெள்ளையாகப் பளிச்சிடும், இவை மங்கலாகவே இருந்தன. பொதி கட்டி அனுப்பிய விதத்துக்கு நூற்றுக்கு நூறு, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் அமிலமில்லாத காகிதம் சுற்றி வந்தது.

தியேட்டர்காரர்கள் போஸ்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், போர்க்காலத்தில் பழைய காகிதமாகவும் ஏகப்பட்டது போனது, அதனால் மிஞ்சியது கொஞ்சம்தான். பென்சில்வேனியாவின் பெர்விக்கில் ஒரு பரணிலிருந்து வந்த போஸ்டர் கட்டு ஒன்றில், சுவர்க் காகிதம் ஒட்டும் பசையால் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போன 33 போஸ்டர்கள் இருந்தன. பிரித்தெடுத்து 2012இல் ஏலம் விட்டபோது மொத்தம் 5 லட்சம் டாலரைத் தாண்டியது. சரக்கு இப்படி அபூர்வமாக இருப்பதால்தான் நாமும் ஓரம் வெட்டிய படத்தைப் பார்த்துக்கூட அவசரப்பட்டுக் கை தூக்குகிறோம்.

இவர்களிடம் லாபி கார்டு கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஐந்துக்கு நாலரை. ஒன் ஷீட்டுக்கு இரண்டுதான். அடுத்த வார ஏலத்தில் 1938 படத்தின் ஹாஃப் ஷீட் (ஒன் ஷீட்டில் ஏறக்குறையப் பாதி அளவுள்ள போஸ்டர்) ஒன்று வருகிறது, வலது கீழ் ஓரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நான்கு நாள் ஆகிறது, இன்னும் பதில் இல்லை.