மே மாதத்தில் நார்வே கார் பயணம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிள்ளைகளின் கோடை விடுமுறையில் நார்வேக்குப் போய், ஒரு வாரம் நாமே கார் ஓட்டிச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு பயண நிறுவனம் அப்படியொரு திட்டத்தை விற்றது. அதில் இருந்த முக்கியமான மலைச்சாலைகளில் மூன்று, நாங்கள் போன நேரத்தில் மூடிக் கிடந்தன. ஏதோ எதிர்பாராத புயலால் மூடப்பட்டவை அல்ல. ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் மூடியிருப்பவைதான். அது தெரியாமல் விற்றார்களா, தெரிந்தே விற்றார்களா என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். இரண்டுமே எங்கள் பணத்துக்குச் செய்த துரோகம்தான்.

திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. பெர்கனில் காரை எடுப்பது, ஃப்ளோம், அங்கிருந்து அவுர்லாண்ட் மலைச்சாலை வழியாக கெய்ராங்கர், அடுத்து ட்ரோல்ஸ்டீகன் என்ற மலைச்சாலையில் ஏறி இறங்கி ஓண்டால்ஸ்னெஸ், பிறகு அட்லாண்டிக் சாலை, லில்லேஹாமர், ஒஸ்லோ. ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றுகூட அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். மே முதல் வாரத்தில் பயணம். ஏப்ரலில் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வீடுகளுக்கு வேறு மாதம் ஏது?

என் மனைவிக்குச் சந்தேகம் இருந்தது. "மே மாதத்தில் மலைச்சாலைகள் திறந்திருக்குமா, பனி இருக்காதா?" என்று பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டாள். "மே மாதம் அங்கே வசந்த காலம், மேடம். எல்லாச் சாலைகளும் திறந்திருக்கும். நீங்கள் கவலையே பட வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை நல்லவேளையாக அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

ஃப்ளோமுக்குப் பக்கத்தில் அவுர்லாண்ட் ஊரிலிருந்து மலை ஏறினால் ஸ்டேகஸ்டைன் என்ற காட்சி மேடை வரும். ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே வரும் கடலுக்கு) மேலே 650 மீட்டர் உயரத்தில், மலையை விட்டு 30 மீட்டர் வெளியே நீண்டு நிற்கும் மரமும் இரும்புமான மேடை. அதுவரை சாலை குளிர்காலத்திலும் திறந்திருக்கும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலைக்குக் குறுக்கே தடுப்புக் கம்பம். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடித்து, பூட்டுப் போட்டிருந்தது. அதற்கு அப்பால் தார்ச்சாலையே கண்ணுக்குத் தெரியவில்லை. பனி மூடிய சரிவு மட்டும்தான். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த குச்சிகளை வைத்துத்தான் சாலை எந்தப் பக்கம் போகிறது என்று ஊகிக்க முடிந்தது. பின் இருக்கையில் என் அம்மா, "வழி மாறி வந்துவிட்டோமா?" என்று கேட்டார். கையில் இருந்த திட்டத்தின்படி சரியான வழியில்தான் வந்திருந்தோம்.

நிறுவனத்தின் 'இருபத்து நான்கு மணி நேர உதவி எண்'ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழே இறங்கி லார்டால் சுரங்கச்சாலை வழியாகப் போனோம். 24.5 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம், 2000-ஆம் ஆண்டில் திறந்தார்கள். ஒஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே குளிர்காலத்திலும் தடையில்லாமல் வண்டி போக வேண்டும் என்றுதான் மலையைக் குடைந்து அதைக் கட்டினார்கள். மேலே இருக்கும் சாலை குளிர்காலத்தில் மூடிவிடும் என்பது அந்த நாட்டில் அவ்வளவு பழைய செய்தி. நார்வே பயணம் விற்பவருக்கு அது தெரியாது என்றால், வேறு எதை நம்பி அவரிடம் பணம் கொடுப்பது?

லார்டாலில் காபி குடிக்க நின்ற விடுதியில், வரவேற்பில் இருந்த பெண் எங்கள் திட்டத்தை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து மூன்று இடங்களில் கோடு போட்டார். அவுர்லாண்ட் மலைச்சாலை, கெய்ராங்கருக்குத் தெற்கிலிருந்து இறங்கும் 63-ஆம் எண் சாலை, ட்ரோல்ஸ்டீகன். நார்வே சாலைத்துறையின் வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து காட்டினார். மூன்றும் மூடல் என்று இருந்தது. வழக்கமாக மே பிற்பகுதிக்கு மேல்தான் இவையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்கும், பனி அதிகமான ஆண்டுகளில் ஜூன் ஆகிவிடும் என்றார். அந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நார்வேயில் இருக்கும்போது 175 என்ற எண்ணை அழைத்தும் சாலை நிலவரம் கேட்கலாம்.

கெய்ராங்கரில் விடுதிக்கு முன்பே பணம் கட்டியாகிவிட்டது, திரும்பக் கிடைக்காது. ஆகவே ஸ்ட்ரின், ஹெல்லெசில்ட் வழியாகச் சுற்றி, கார்களை ஏற்றிச் செல்லும் படகுகளில் மாறி மாறி ஏறி, வடக்குப் பக்கமாக இறங்கினோம். ஊருக்கு வெளியே பொது வேக வரம்பே 80 கிலோமீட்டர்தான். வளைவுகளில் அதுவும் முடியாது. படகுத்துறையில் காத்திருக்கும் நேரம் தனி. எங்கள் திட்டத்தில் அச்சிட்டிருந்த மணிக்கணக்கில் இவை எதுவுமே சேர்க்கப்படவில்லை. போய்ச் சேர்ந்தபோது விடுதியின் சமையலறை மூடியிருந்தது. அம்மா மாத்திரை போட்டுக்கொள்ள பிஸ்கட்தான் சாப்பிட்டார். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ட்ரோல்ஸ்டீகனைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1936-இல் திறந்த, 11 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையைப் பார்க்கத்தான் என் மகன் அத்தனை ஆவலாக வந்தான். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இனிச் சொல்வது பணத்தைப் பற்றியது. சுங்கமும் படகுக் கட்டணமும் என்று தனியாக 38,000 ரூபாய் வாங்கினார்கள். அதற்கு 'படகு அனுமதிச் சீட்டு' என்று தங்கள் முத்திரை பதித்த தாளும் கொடுத்தார்கள். ஃபோட்னெஸ் படகுத்துறையில் அதை ஊழியரிடம் நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்களுடையது இல்லை, உங்கள் கார் எண்ணைக் கேமரா எடுத்துவிட்டது, ஏறுங்கள்" என்று திருப்பித் தந்தார். அங்கே நடைமுறை அதுதான். சுங்கச்சாவடி என்று நிறுத்திக் காசு வாங்கும் வழக்கமே கிடையாது. ஆட்டோபாஸ் என்ற முறையில் காரின் எண்ணையோ அதில் பொருத்திய கருவியையோ பதிவு செய்து, கட்டணத்தைக் காரின் உரிமையாளருக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலான படகுகளிலும் இதே முறைதான். வாடகைக் கார் என்றால், அந்த நிறுவனம் பிறகு உங்கள் கிரெடிட் கார்டில் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கும் ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து, சேவைக் கட்டணத்தோடு அப்படித்தான் பிடித்தார்கள். அது முறையான கட்டணம், அதில் எனக்குக் குறையில்லை. அப்படியானால் இங்கே வாங்கிய 38,000 ரூபாய் யாருக்குப் போனது? ரசீது கேட்டேன். இன்றுவரை வரவில்லை.

சாலைகளைப் பற்றிக் கேட்டபோது, "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் எப்படி சார் பொறுப்பாக முடியும்?" என்றார் மேலாளர். 2024 கோடையில் பாறைகள் உருண்டு விழுந்ததால் ட்ரோல்ஸ்டீகனை மூடினார்கள். அதை இயற்கைச் சீற்றம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். மே முதல் வாரத்தில் மலையில் பனி இருப்பதற்கு அந்தப் பெயர் வைப்பது ஏமாற்று.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுத்தேன். நிறுவனம் அசையவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. மின்னஞ்சல், திட்டத்தாள், அந்தப் படகுச் சீட்டு, தடுப்புக் கம்பத்தின் புகைப்படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

அதே திட்டம் இந்த ஆண்டும் ஏப்ரல், மே தேதிகளோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. முகப்பில் வெயில் அடிக்கும் ட்ரோல்ஸ்டீகன் படம். இதுபோன்ற பயணத்துக்கு யாரிடமாவது முன்பணம் கட்டியிருந்தால், எந்தெந்தச் சாலை, அது எந்தத் தேதியில் திறக்கும், மூடியிருந்தால் மாற்று வழி எது, விடுதிப் பணம் திரும்ப வருமா என்று இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள். மீதிப் பணத்தை அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு கட்டுங்கள்.